அம்மா சிரிக்கக் கூடாத பொங்கல்

நேற்று சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்துச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தீர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். என் பேரன் ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்தவன். அதற்குக் கொடுத்த காகிதத்தை மடங்காமல் சட்டைக்குள் வைத்து எடுத்துவந்து எல்லோரிடமும் காட்டினான். ‘கலந்துகொண்டமைக்காக’ என்று அதில் அச்சடித்திருந்தது. உங்களில் ஒரு பெரிய மனுஷர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, “இன்னாடா இது, தோத்ததுக்கெல்லாம் சர்ட்டிபிகேட்டா? எங்க காலத்துல தோத்துட்டு வந்தா பெல்ட்டுதான்டா கெடைக்கும்” என்றார். பெஞ்சு முழுக்கக் குலுங்கிச் சிரித்தது. பையன் காகிதத்தை மறுபடி சட்டைக்குள் சொருகிக்கொண்டு போய்விட்டான். ராத்திரி சோறு சாப்பிடவில்லை.

என்னைத் தவிர அங்கே சிரிக்காமல் இருந்தவள் ஒருத்திதான். அவள் யார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

‘எங்க காலம்’ என்றால் எது? உங்கள் காலம்தானே என் காலமும். நான் எட்டாவதோடு நின்றவள். ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற மெஷினில் குனிந்தே முதுகு வளைந்தவள். எழுதப் படித்தது கொஞ்சம், காதால் கேட்டது ஜாஸ்தி. யார் எதைச் சொன்னாலும் சொன்ன மாதிரியே எனக்குள் தங்கிவிடும். அதனால் அந்தக் காலத்தை நானே சொல்கிறேன். அன்பாகச் சொல்வேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பாலாற்றில் அப்போது மணல் இருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் சொன்னால் கதை என்கிறார்கள். உங்களுக்குத் தெரியும். கால் புதைகிற மணல். கையால் தோண்டினாலே தண்ணீர் ஊறும். இக்கரையில் தோல் பதனிடும் ஷாப்புகள், அவற்றின் பின்சுவரை ஒட்டி எங்கள் தெரு. சுண்ணாம்பு, கடுக்காய், ஆவாரம்பட்டை, ஊறின தோல் எல்லாம் சேர்ந்த ஒரு வாடை அங்கே எப்போதும் நிற்கும். எங்களுக்கு அது வாடையே இல்லை, வீட்டுக் காற்று. அக்கரையில் கரும்பும் நெல்லும் விளைகிற ஊர். பஸ்ஸில் எங்கள் பக்கத்துச் சீட்டு காலியாக இருந்தாலும் அவர்கள் நின்றுகொண்டே வருவார்கள். அவர்கள் வரப்பில் நாங்கள் கால் வைத்தால் நாயை அவிழ்த்துவிடுவார்கள். எங்கள் ஷாப்புகளிலிருந்து சிவப்பாக ஒரு தண்ணீர் ஆற்றுக்குள் போய்க்கொண்டே இருக்கும். அது எங்கே போய்ச் சேருகிறது என்று இக்கரையில் யாரும் கேட்டதில்லை. அக்கரை கேட்டது, வருஷா வருஷம் சத்தமாகக் கேட்டது.

இப்படிப்பட்ட இரண்டு ஊருக்கும் நடுவே, காணும் பொங்கல் அன்று, ஆற்று மணலில் கயிறு இழுப்பு நடக்கும். பெண்களுக்கு மட்டும். ஒரு காலத்தில் ஆண்கள்தான் இழுத்தார்களாம். இழுத்து முடித்ததும் அதே கயிற்றால் ஒருத்தரை ஒருத்தர் அடித்துக்கொண்டதால், இரண்டு ஊர்ப் பெரியவர்களும் கூடிக் கயிற்றைப் பெண்களிடம் கொடுத்துவிட்டார்கள். எல்லைக்கோடு கிடையாது. நடுவே மணலில் வெட்டிவிட்ட வாய்க்கால், ஊற்றுக்கால் என்போம், அதுதான் எல்லை. தோற்கிற பக்கம் அந்தத் தண்ணீருக்குள் விழ வேண்டும். ஜெயிக்கிற பக்கத்துக்கு ஒரு பித்தளை அண்டா. அந்த அண்டாவை எங்கள் தெருப் பெண்கள் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.

நடுவர், பஸ் நிற்கிற இடத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த பாய். இரண்டு கரையிலும் சேராதவர், இரண்டு கரைக்கும் பஞ்சர் ஒட்டுகிறவர். ஒவ்வொரு வருஷமும் விசிலை வாயில் வைக்கும்போது, “இந்த பேஜாரு அடுத்த வருஷம் நமக்கு வாணாம்பா” என்பார். அடுத்த வருஷமும் வருவார்.

கயிற்றின் கடைசியில் நிற்பவளுக்கு ‘வால்’ என்று பெயர். இடுப்பில் கோணிப்பையைச் சுற்றி, அதன் மேல் கயிற்றைச் சுற்றி, குதிகாலை மணலில் புதைத்து நிற்பாள். எங்கள் பக்க வால் என் அம்மா. நல்ல கனம், நல்ல உயரம். அக்கரையின் வாலும் அதே கனம். அந்த அம்மாளை ‘கெணத்துக்காரி’ என்றுதான் எங்கள் தெருவில் சொல்வோம். ஊரிலேயே பெரிய கிணறு அவர்களுடையது. போட்டிக்கு வருகிற கயிறும் அந்தக் கிணற்றுக் கயிறுதான்.

விசில் ஊதும் முன்னால் இரண்டு வாலும் ஒருத்தியை ஒருத்தி திட்ட வேண்டும். அது வழக்கம். கூட்டமே அதற்குத்தான் வரும்.

“ஏ தோல்காரி! உன் பொடவையை எங்க வயல்ல கட்டி வெச்சா காக்கா கூட கிட்ட வராதுமே!”

“ஏ கெணத்துக்காரி! உன் வாய்க்கு ஒரு மோட்டார் வெச்சா அணைக்கட்டு வரிக்கும் தண்ணி பாயும்மே!”

விளையாட்டுத் திட்டு என்று நினைக்காதீர்கள். அவர்கள் நிஜமாகவே எங்களை வெறுத்தார்கள், நாங்களும் அவர்களை நிஜமாகவே வெறுத்தோம். ஆனால் என் அம்மாவிடம் ஒரு கோளாறு இருந்தது. நல்ல திட்டு எதுவாக இருந்தாலும், தன்னைத் திட்டினாலும், அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரிப்பு வந்தால் பிடி விட்டுப்போகும். கெணத்துக்காரிக்கு இது தெரியும். இழுப்பு இறுகி நிற்கிற நேரமாகப் பார்த்து அக்கரையிலிருந்து ஒன்றைச் சொல்வாள். அம்மாவின் வயிறு குலுங்கும், கை தளரும், எங்கள் பக்கம் மொத்தமும் தண்ணீருக்குள் போகும். தண்ணீரிலிருந்து எழுந்து வரும்போதும் அம்மா சிரித்துக்கொண்டுதான் வருவாள். வீட்டுக்கு வந்ததும் அடுத்த வருஷத்துத் திட்டுகளை யோசிக்க ஆரம்பித்துவிடுவாள். குழம்பு கொதிக்கும்போது திடீரென்று கரண்டியை நிறுத்திவிட்டு, “இது எப்படி கீது, கேளு” என்று என்னிடம் சொல்லிப் பார்ப்பாள். வருஷம் முழுக்க அவள் யோசித்துக்கொண்டிருந்தது அக்கரையில் ஒருத்தியைத்தான்.

அந்த வருஷம் தீபாவளி முடிந்ததும் மேஸ்திரி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஷாப்பில் யார் எந்த வேலைக்கு என்று வைப்பவர் அவர். சந்தையில் அக்கரைக்காரர்கள் அவரிடம் அண்டாவைப் பற்றி ஏதோ கேலியாகக் கேட்டுவிட்டார்கள் என்று தெருவில் பேச்சு.

“இத பாருப்பா,” என்றார் என் நைனாவிடம். “இந்த வருஷம் உன் பொண்டாட்டி வாணாம். ஜெயிச்சே ஆவணும்.”

“வாலுக்கு வேற ஆளு இல்லியே மேஸ்திரி.”

“ஆளு ஜாஸ்தியாவே கீது. சிரிக்காத ஆளாப் பாத்து நான் வெச்சிக்கறேன்.”

உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள். “சிரிக்காத ஆளு வேணும்னா உங்க வூட்டம்மாவையே நிக்க வையுங்க மேஸ்திரி. கண்ணாலத்தன்னிக்கே சிரிக்கல, நான் பந்தல்ல இருந்து பாத்தேனே.”

மேஸ்திரி செருப்பை உதறி மாட்டிக்கொண்டு போனார். அம்மா வாலாக நிற்பது அதோடு முடிந்தது என்று தெரு சொன்னது. அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். அன்றிலிருந்து கரண்டி நடுவில் நிற்கவில்லை. குழம்பு கொதித்தது, இறங்கியது, நாங்கள் சாப்பிட்டோம். வீட்டில் யாரோ ஊருக்குப் போய்விட்ட மாதிரி இருந்தது.

இங்கே என் நைனாவின் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல வருஷம் சுண்ணாம்புக் குழியில் நின்றவர். தோலில் மயிர் கழல்வதற்காக ஊறப்போடுகிற குழி அது. விரல் நுனிகளில் பொத்தல் விழும், நகம் வெள்ளையாகக் கரையும். உப்பும் காரமும் பட்டால் எரியும் என்பதால் சோற்றை அவரால் பிசைய முடியாது. அம்மா உருட்டிக் கொடுப்பாள். அந்த வருஷம் ஆடி மாதத்தில்தான் அவரைக் குழியிலிருந்து எடுத்துத் தோல் காயப்போடுகிற முற்றத்துக்கு மாற்றியிருந்தார்கள். விரல் ஆறிக்கொண்டு வந்தது. தன் கையால் பிசைந்து சாப்பிட ஆரம்பித்திருந்தார். முதல் நாள் ரசத்தில் கை வைத்துவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தாரே, அந்தப் பார்வை எனக்கு இன்னும் இருக்கிறது.

அப்படிப்பட்ட மனுஷர் மேஸ்திரியிடம் போனார். நானும் கூடப் போயிருந்தேன்.

“அவளே நிக்கட்டும் மேஸ்திரி. இந்த வாட்டி சிரிக்க மாட்டா.”

“சிரிச்சா?”

“சிரிச்சா நான் மறுபடி குழிக்கே போயிடறேன்.”

மேஸ்திரி அவர் கையைப் பார்த்தார். “உன் இஷ்டம்” என்றார்.

தெருவே நைனாவைத் திட்டியது. பொண்டாட்டிக்குப் பயந்தவன் என்றார்கள். என் அத்தை, நைனாவின் அக்கா, கயிற்றில் முதல் ஆளாக நிற்பவள். அவள் வந்து, “உனக்கு இன்னா மண்டை கொழம்பிப் போச்சா? அவ சிரிக்காம இருப்பாளா? எருமை கூட சேத்துல படுக்காம இருக்கும்!” என்று கத்தினாள். எனக்கும் நைனா மேல் கோபம்தான். அசடு என்றே நினைத்தேன்.

அதற்கப்புறம் வீட்டில் ஒரு பயிற்சி நடந்தது. அம்மா தூணில் கயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொள்வாள். அத்தை எதிரில் நின்று திட்டுவாள். அம்மாவின் உதடு துடிக்கும், வயிறு ஆடும். “செத்த ஆட்டை நெனச்சிக்கோ” என்பாள் அத்தை. செத்த ஆட்டை நினைத்தாலும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. கடைசியில் அத்தை, “உன் புருஷன் கையை நெனச்சிக்கோடி” என்றாள். அம்மா அப்படியே நின்றுவிட்டாள். அதற்குப் பிறகு அத்தை என்ன சொல்லியும் அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. “ஆங், இதான்! இப்படியே நில்லு!” என்று அத்தை கைதட்டினாள். எனக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மார்கழியில் அக்கரையிலிருந்து செய்தி வந்தது. பெரிய கிணறு உப்பாகிவிட்டது. நாற்று கருகிவிட்டது. மாடு வாய் வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது. ‘எங்க கெணத்துக் கயிறு இனிமே உங்க கைக்கு வராது. இழுக்க வர்றோம். ஆனா விளையாட வரல’ என்று சொல்லியனுப்பியிருந்தார்கள்.

“கயிறுதானே? நம்ம கிட்ட இல்லாத கயிறா?” என்றார் மேஸ்திரி. பாதி பதமான தோலை வார் வாராக அறுத்து, முறுக்கி, பெண்கள் கை மணிக்கட்டுக் கனத்தில் ஒரு கயிறு செய்யச் சொன்னார். யானையைக் கட்டினாலும் அறாது என்றார்கள். போட்டிக்கு முந்தின நாள், கையை அறுக்காமல் மெத்தென்று இருக்கட்டும் என்று அதைத் தொட்டியில் ஊறப்போட்டார்கள்.

நனைந்த தோலை இழுத்தால் நீளும். இது எங்கள் தெருவில் கைக்குழந்தைக்கும் தெரியும். தோலை நாலு பக்கமும் இழுத்து ஆணியடித்துக் காயப்போடுவதே அதனால்தான். ஆனால் ‘கயிறு’ என்று பேர் வைத்ததும் அது தோல் என்பதையே மொத்தத் தெருவும் மறந்துவிட்டது. இந்த மாதிரித் தப்பை எங்களைத் தவிர யாரும் செய்திருக்க முடியாது.

காணும் பொங்கல் அன்று பெண்கள் வளையல்களைக் கழற்றி ஒரு துண்டில் முடிந்து என்னிடம் கொடுத்தார்கள். கண்ணாடி வளையல் உடைந்து கையைக் கிழிக்கக் கூடாது என்பதற்காக. எதிர்ப்பக்கத்திலும் என் வயசில் ஒருத்தி அதே மாதிரி ஒரு துண்டு முடிச்சோடு நின்றாள். கெணத்துக்காரியின் மகள். என்னைப் பார்த்து மூக்கைப் பிடித்துக் காட்டினாள். நான் நாக்கைத் துருத்தினேன். அவள் மணலை அள்ளி என் மேல் வீசினாள். பாதி என் வாயில்.

கூட்டம் அமைதியாக இருந்தது. அதுவே பயமாக இருந்தது. திட்டுகிற நேரம் வந்தது. கெணத்துக்காரி ஒன்றும் சொல்லாமல் ஒரு செம்பை எடுத்துக்கொண்டு ஊற்றுக்காலைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தாள். நேராக அம்மாவிடம் நீட்டினாள்.

“எங்க கெணத்துத் தண்ணி. குடி. குடிச்சிட்டு இழு.”

எங்கள் பக்கத்து ஆண்கள் சீறிக்கொண்டு வந்தார்கள். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். செம்பை வாங்கி அண்ணாந்து குடித்தாள். ஒவ்வொரு மடக்கும் அவள் தொண்டையில் இறங்குவது எனக்குத் தெரிந்தது. நடுவில் ஒருமுறை ஓங்கரித்தாள், மறுபடி குடித்தாள். செம்பைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, “இன்னும் கீதா?” என்றாள்.

“கெணறு பூரா அதான் கீது. உங்க மொதலாளிக்கும் ஒரு கொடம் மொண்டுனு போ.”

வருஷம் முழுக்க அம்மா சேர்த்த திட்டுகளில் ஒன்றுகூட வெளியே வரவில்லை.

கயிற்றைப் போட்டார்கள். அக்கரைப் பெண்கள் அதைத் தொடாமல் நின்றார்கள். தோல் என்று முணுமுணுத்தார்கள். கெணத்துக்காரி அவர்களைத் திரும்பிப் பார்த்தாள். “வயித்துக்குள்ளயே அவங்க தோல் தண்ணி கீது. கையில பட்டா இன்னா ஆயிடப் போவுது? புடிங்கடி!” என்று முதல் ஆளாகக் கயிற்றை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டாள்.

பாய் விசிலை ஊதினார்.

அந்த மாதிரி ஓர் இழுப்பை நான் பார்த்ததில்லை. யாரும் கத்தவில்லை. பல்லைக் கடிக்கிற சத்தமும் மணல் அரைபடுகிற சத்தமும்தான். அம்மா தூணில் பழகிய அந்த முகத்தோடு, ஒன்றும் அசையாமல், பின்னால் ஓரடி வைத்தாள். எங்கள் பக்கம் உறுமியது. ஜெயிக்கிறோம்! ஆனால் அக்கரையிலும் அதே உறுமல் எழுந்தது. கெணத்துக்காரியும் பின்னால் ஓரடி வைத்திருந்தாள். அம்மா இன்னும் ஓரடி, அவளும் இன்னும் ஓரடி. இரண்டு பக்கமும் பின்னால் போய்க்கொண்டே இருந்தன. இரண்டு பக்கமும் ஜெயித்துக்கொண்டே இருந்தன. நடுவில் கட்டின சிவப்புத் துணி ஊற்றுக்காலுக்கு மேலே அசையாமல் தொங்கியது. பாய் குனிந்து துணியைப் பார்த்தார், நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். விசில் வாயிலிருந்து விழுந்தது. “யா அல்லா” என்றார்.

அவ்வளவு தூரம் எந்த வருஷமும் யாரும் பின்னால் போனதில்லை. அதனால் பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் பார்த்து வைக்கவில்லை. குடிதண்ணீருக்காகத் தோண்டியிருந்த ஊற்றுக் குழி ஒன்று இருந்தது. ஜெயித்துக்கொண்டே போன அம்மா, இடுப்பில் கயிற்றோடு, பின்புறமாக அதற்குள் தொப்பென்று உட்கார்ந்தாள். தலையும் இரண்டு காலும்தான் வெளியே தெரிந்தன.

அப்புறம் அக்கரைக் கோடியிலிருந்து அந்தக் குரல் வந்தது.

“ஏ தோல்காரி! நாங்க தள்ளாமயே குளிக்கப் போய்ட்டியே! உன் நாத்தம் உனக்கே தாங்கலியா?”

நான் நைனாவைப் பார்த்தேன். அவர் கூட்டத்தின் முன்னால், கையைக் கட்டிக்கொண்டு, அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் உதடு துடித்தது. கன்னம் உப்பியது. கண்ணை இறுக்கி மூடினாள். பிறகு அவளுக்குள்ளிருந்து வந்த சிரிப்பு, கிணற்றில் குடம் விழுகிற சத்தம் மாதிரி இருந்தது. அது கயிற்றில் ஏறிவிட்டது. கயிறு நடுங்கியது. அதைப் பிடித்திருந்த பெண்கள் ஒவ்வொருத்தராகக் குலுங்கினார்கள். திட்டிக்கொண்டே அத்தை குலுங்கினாள். தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களும் குலுங்கினார்கள். தோலைத் தொட மாட்டேன் என்றவர்கள் தோலைப் பிடித்துக்கொண்டே மணலில் புரண்டார்கள்.

ஆண்கள் சிரிக்கவில்லை. ஜெயித்தது நாங்கள் என்று இரண்டு பக்கமும் ஊற்றுக்காலுக்கு வந்துவிட்டார்கள். “யாரும் ஜெயிக்கலப்பா, கயிறுதான் ஜெயிச்சிது” என்றார் பாய். அவர் சட்டையைப் பிடித்தார்கள். மேஸ்திரி அக்கரைத் தலைவரின் துண்டைப் பிடித்து இழுத்தார். அப்புறம் கை, அப்புறம் கட்டை. உப்புக் கிணறும், அவிழ்த்துவிட்ட நாயும், பஸ் சீட்டும் எல்லாம் அங்கே வந்து சேர்ந்தன.

குழிக்குள்ளிருந்து அம்மாவுக்கு இது ஒன்றும் தெரியவில்லை.

“ஏய், உசுரோட கீறியா?” என்று தூரத்திலிருந்து கேட்டாள் கெணத்துக்காரி.

“கீறேன், கீறேன். இழுடி!”

விசில் இல்லை, நடுவர் இல்லை. அண்டாவை யாரோ ஏற்கெனவே சண்டைக்கு எடுத்துவிட்டார்கள். அம்மாவை மேலே தூக்க, இரண்டு பக்கத்துப் பெண்களும் எழுந்து கயிற்றை இழுத்தார்கள். மணலில் கிடந்த கயிறு விறைத்து, சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்களின் முழங்காலுக்கு எழுந்தது. முதலில் புது வேட்டியோடு மேஸ்திரி ஊற்றுக்காலில் விழுந்தார். அவர் மேல் அக்கரைத் தலைவர். அதற்கு மேல் யார் யாரோ. பெண்கள் தளர்த்தினார்கள், மறுபடி இழுத்தார்கள். எழுந்தவர்கள் மறுபடி விழுந்தார்கள். விலக்கப் போன நைனாவும் விழுந்தார். குழியிலிருந்து மேலே வந்துவிட்ட அம்மாவைப் பார்த்து, தண்ணீருக்குள் உட்கார்ந்தபடியே அவர் சிரித்ததை நான் பார்த்தேன்.

கல் பறக்க ஆரம்பித்ததும் எல்லாம் முடிந்தது. ஒரு கல் பாயின் நெற்றியில் பட்டு ரத்தம் வழிந்தது. போலீஸ் வருகிறது என்று யாரோ கத்தினார்கள். நான் ஆற்றுப் பாலத்துத் தூணுக்குப் பின்னால் ஓடி ஒளிந்தேன். அந்த மூக்கைப் பிடித்தவளும் அங்கேதான் ஒளிந்திருந்தாள். அந்த நேரத்திலும் என்னைக் கிள்ளினாள். இரண்டு முடிச்சுகளும் கீழே விழுந்தன. கையில் கிடைத்ததை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு ஓடினோம்.

வீட்டில் துண்டை அவிழ்த்தபோது உள்ளே இருந்தவை எங்கள் வளையல்கள் இல்லை. அம்மா அதில் பெரிய ஜோடியை எடுத்துப் பார்த்தாள். “இது அவளோடதுதான். கையா இது, ஒலக்கையா!” என்று போட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது. கழற்றவில்லை.

மறுநாள் நைனா சுண்ணாம்புக் குழிக்குப் போனார். ஒரு வாரத்தில் விரல்கள் பழையபடி ஆகிவிட்டன. அம்மா சோற்றை உருட்டிக் கொடுத்துக்கொண்டே அழுதாள். “பாழாப் போன சிரிப்பு. உன் கையை நெனச்சேன்யா. நெனச்சிக்கினேதான் இருந்தேன்.”

“சிரிப்பேன்னு எனக்குத் தெரியும்” என்றார் நைனா.

“தெரிஞ்சா எதுக்குய்யா போய் வாக்கு கொடுத்த?”

“இல்லன்னா உன் கையில கயித்தைக் கொடுத்திருப்பானா?”

அம்மா உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அசடு என்று நானும் தெருவும் நினைத்த மனுஷர், வாயைத் திறந்து காட்டி, “கொடு, ஆறுது” என்றார்.

அடுத்த வருஷம் போட்டி நடக்கவில்லை. அப்புறம் எந்த வருஷமும் நடக்கவில்லை. சமாதானமும் ஆகவில்லை. வழக்கு, கல், மறியல் என்றுதான் போனது. கிணறு நல்லாகவில்லை. மேஸ்திரி அந்தக் கயிற்றைக் குப்பையில் போடச் சொன்னார். அம்மா ஒரு துண்டை அறுத்துவந்து கொல்லையில் துணி காயப்போடக் கட்டினாள். வெயிலில் அது இரும்பு மாதிரி விறைத்து நிற்கும். மழையில் நனைந்தால் தொய்ந்து, காயப்போட்ட துணியெல்லாம் சேற்றில் புரளும். அத்தனையும் மறுபடி துவைக்க வேண்டும். அம்மா ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டுத் தனியாகச் சிரிப்பாள். வேறு கயிறு வாங்கித் தருகிறேன் என்று நைனா சொன்னபோதெல்லாம், வாணாம் என்றுவிட்டாள்.

கிணறு செத்த பிறகு அக்கரைப் பெண்கள் இக்கரைக்கு வேலைக்கு வந்தார்கள். எந்தத் தோலைத் தொட மாட்டோம் என்றார்களோ அதைத் தைக்க வந்தார்கள். எனக்குப் பக்கத்து மெஷினில் ஒருத்தியை உட்கார வைத்தார்கள். அவள் நூலைக் கோத்தாள், என்னை ஏற இறங்கப் பார்த்தாள். முதல் வார்த்தையாகக் கேட்டாள்: “எங்கம்மா வளையல் எங்கடி?”

“எங்க வளையல் எங்கடி?” என்றேன் நான்.

அன்றிலிருந்து ரிட்டையர் ஆகும்வரை பக்கத்துப் பக்கத்து மெஷின். பேசினது பாதி, சண்டை போட்டது பாதி. அவள் ஊருக்கு என் ஊர் செய்ததை அவள் மன்னிக்கவில்லை. நானும் மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. ஆனால் அவள் வராத நாட்களில் எனக்குத் தையல் ஓடாது.

நேற்று சிரிக்காதவள் அவள்தான். நீங்கள் சிரித்து முடித்ததும் என் காதருகே குனிந்து, “இவங்க யாரும் எதையும் புடிச்சதே இல்லடி” என்றாள்.

ஆகவே பெரிய மனுஷர்களே, நாளைச் சாயங்காலம் மைதானத்துக்கு ஒரு கயிறு கொண்டுவருகிறேன். தேங்காய் நார்க் கயிறுதான், பயப்பட வேண்டாம், நீளாது. ஒரு முனையில் நான் வால். மறுமுனையில் அவள். முட்டி வலிக்காரர்கள், முதுகு வலிக்காரர்கள், பென்ஷன்காரர்கள், ஆளுக்கொரு பக்கம் பிடியுங்கள். பரிசு கிடையாது. விசில் ஊத என் பேரன் வருவான்.

அந்தக் கண்ணாடிக்காரர் மட்டும் என் எதிர்ப்பக்கம் நிற்கட்டும். அவருக்காக ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். காலையில் குழம்பு கொதிக்கும்போது வந்தது. கரண்டியை நிறுத்திவிட்டுப் பேரனிடம் சொல்லிப் பார்த்தேன். பையன் சிரித்த சிரிப்பில் தட்டுச் சோறு கீழே கொட்டிவிட்டது.